ஆப்பிரிக்கா போறீங்களா? மஞ்சள் காய்ச்சல் ஊசி, மஞ்ச அட்டை, மலேரியா மாத்திரை: எதை எப்போ முடிக்கணும்

உகாண்டா, கென்யா, கானா, நைஜீரியான்னு வேலைக்கோ சுத்திப் பாக்கவோ கிளம்பற நம்ம ஆளுங்க முக்காவாசி பேர் டிக்கெட், விசா, மசாலாப் பொடி, ஊறுகாய் எல்லாம் முடிச்சுட்டு கடைசி வாரத்துல தான் ஊசி பத்தி விசாரிக்க ஆரம்பிக்கறாங்க, அப்போ பாத்தா ஸ்லாட் கிடைக்காது, கிடைச்சாலும் நாள் பத்தாது. நான் குடும்பத்தோட உகாண்டா தலைநகர் கம்பாலா போறதுக்காக இதெல்லாம் முடிக்கறதுக்குள்ள அலைஞ்சது கொஞ்சநஞ்சமில்ல. ஒரு இடத்துல கேட்டா இன்னொரு இடத்துக்குப் போகச் சொல்லுவாங்க, போன் அடிச்சா யாரும் எடுக்கறதில்ல, ஏஜென்ட் ஒருத்தர் "அதெல்லாம் ஏர்போர்ட்ல போய் பாத்துக்கலாம் சார்"னு சொன்னார், அப்படி கடைசி நிமிஷத்துல பாத்துக்கற விஷயமே இல்ல இது. சென்னைலருந்து கிழக்கு ஆப்பிரிக்கா போறத வெச்சு தான் எழுதறேன், மத்த ஊருக்கும் முறை பெருசா மாறாது.

1. முதல்ல உங்க ரூட்டைப் பாருங்க

மஞ்சள் காய்ச்சல்ங்கறது கொசு மூலமா பரவற வைரஸ் நோய். நம்ம ஊர் மஞ்சக்காமாலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, அதனால ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டிருக்கேன்னு சொல்லி தப்பிக்க முடியாது. இந்த நோய்க்குன்னு தனி மருந்தே கிடையாது. நோய் முத்தி கடுமையான கட்டத்துக்குப் போனவங்கள்ல ஏறத்தாழ பாதி பேர் பொழைக்கறதில்ல. ஊசி ஒண்ணு தான் வழி. அத போட்டதுக்கு ஆதாரமா குடுக்கற சர்வதேச சான்றிதழ் தான் மஞ்ச அட்டை.

மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாடுன்னு இந்தியா ஒரு நீள லிஸ்ட் வெச்சிருக்கு: ஆப்பிரிக்கால எத்தியோப்பியா, கென்யா, உகாண்டா, ருவாண்டா, காங்கோ, அங்கோலா, கேமரூன், நைஜீரியா, கானா, செனகல்னு போகும். தென் அமெரிக்கால பிரேசில், பெரு, கொலம்பியா, பொலிவியா, ஈக்வடார் மாதிரி நாடுகள். எகிப்து, தென்னாப்பிரிக்கா இந்த லிஸ்ட்ல இல்ல.

இதுல நிறைய பேர் மாட்டற இடம் எதுன்னா, "அந்த நாடு கேக்குதா"ன்னு மட்டும் பாக்கறது. நீங்க பாக்க வேண்டியது மூணு: போற நாடு கேக்குதா, நடுவுல இறங்கற நாடு லிஸ்ட்ல இருக்கா, திரும்பி வரும்போது இந்தியா கேக்குமா.

உகாண்டா, கானா மாதிரி நாடுங்க உள்ள வர்ற எல்லார்கிட்டயும் அட்டை கேக்கும். கென்யா அப்படி இல்ல, நோய் இருக்கற நாட்டுலருந்து வர்றவங்ககிட்ட தான் கேக்கும், இந்தியால அந்த நோய் இல்லாததால இங்கருந்து நேரா போனா கேக்க வேண்டிய அவசியம் இல்ல. அதனால ஒரு வாரம் மசாய் மாரா சஃபாரி போறவங்க ஊசி போடாமயே போய் இறங்கிடறாங்க. ஆனா கென்யா இந்தியாவோட லிஸ்ட்ல இருக்கு. திரும்பி வரும்போது அட்டை இல்லன்னா ஏர்போர்ட் ஹெல்த் ஆபீசர் 6 நாள் வரைக்கும் குவாரன்டைன்ல வெச்சுக்கலாம். வீடு பக்கத்துல இருக்கு, நானே தனியா இருந்துக்கறேன்னு சொன்னாலும் விட மாட்டாங்க. இந்தியால மஞ்சள் காய்ச்சல் இல்ல, ஆனா அத பரப்பற ஏடிஸ் கொசு, அதாவது டெங்கு கொசு, நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்கு. ஒருத்தர் வைரஸோட வந்து இறங்கினா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. அந்தக் கெடுபிடிக்கு அர்த்தம் இருக்கு.

டான்சானியா இன்னொரு மாதிரி. இந்தியாலருந்து நேரா போனா கேக்காது, கென்யா பாத்துட்டு அங்கருந்து எல்லை தாண்டி செரெங்கெட்டி போனா கேக்கும். நோய் இருக்கற நாட்டு ஏர்போர்ட்ல 12 மணி நேரத்துக்கு மேல ட்ரான்சிட் இருந்தாலும் கேக்கும். தென்னாப்பிரிக்காவும் இதே 12 மணி நேரக் கணக்கு தான் வெச்சிருக்கு. அதனால அடிஸ் அபாபா (எத்தியோப்பியா), நைரோபி (கென்யா) வழியா டிக்கெட் எடுக்கறவங்க எத்தன மணி நேரம் காத்திருக்கணும்னு டிக்கெட்ல பாருங்க.

ட்ரான்சிட்ல இன்னொரு விஷயம். ஏர்போர்ட்ட விட்டு வெளிய போகாம இருந்தோம்னு ஹெல்த் ஆபீசருக்குத் திருப்தி ஆனா இந்தியா விலக்கு குடுக்கும். ராத்திரி நீளமான ட்ரான்சிட்டுக்கு ஏர்லைன்ஸ் ஹோட்டல் ரூம் குடுத்து, நீங்க இமிக்ரேஷன் தாண்டி போய் தூங்கிட்டு வந்தீங்கன்னா அந்த விலக்கு கிடைக்காது. ஊசி போடாதவங்க அந்த ஹோட்டல் ரூம வேண்டாம்னு சொல்லிட்டு உள்ளயே உக்காந்திருங்க, போர்டிங் பாஸ் ரெண்டையும் பத்திரமா வெச்சிருங்க.

2. காலண்டர எடுத்து பின்னாடிலருந்து எண்ணுங்க

ஊசி போட்ட நாள்லருந்து 10 நாள் கழிச்சு தான் அட்டை செல்லும். மார்ச் 1 போட்டா மார்ச் 11லருந்து. அதுக்கு முன்னாடி உகாண்டாவுல இறங்கினா அட்டை கைல இருந்தும் இல்லாத மாதிரி தான்.

10 நாள் தானேன்னு பயணத்துக்கு 12 நாள் இருக்கும்போது ஊசிக்கு அலைய ஆரம்பிக்காதீங்க. ஸ்லாட் கிடைக்க ஒண்ணு ரெண்டு வாரம் ஆகலாம், மருந்து ஸ்டாக் இல்லாம போற நேரமும் வரும். அது மட்டும் இல்ல, உகாண்டா இ-விசா அப்ளை பண்ணும்போதே இந்த அட்டையோட ஸ்கேன அப்லோட் பண்ணச் சொல்றாங்க, அதனால ஊசி, அதுக்கப்புறம் விசா, அதுக்கப்புறம் பயணம்னு தான் வரிசை போகணும். ஊர்ல நிறைய பேர் இத தலைகீழா பண்ணி, விசா பாதில நின்னு, அவசரத்துக்கு ஏஜென்ட் கேக்கறத எல்லாம் குடுக்கறாங்க.

என் கணக்குல பயணத்துக்கு 6லருந்து 8 வாரம் முன்னாடி ஆரம்பிக்கறது தான் நிம்மதி. மத்த ஊசிங்கள்ல ரெண்டு மூணு டோஸ் இருக்கறதால அதுக்கும் இந்த டைம் சரியா வரும். போறதே உறுதி ஆகல, பேச்சுல தான் இருக்குன்னாலும் இந்த ஊசிய போட்டுக்கோங்க, ஏன்னா ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் செல்லும். 2016 ஜூலைலருந்து அப்படி மாத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி 10 வருஷம்னு இருந்துச்சு. பழைய அட்டைல 10 வருஷம்னு போட்டிருந்தாலும் அதுவும் இப்போ ஆயுசுக்கும் செல்லும், திரும்பப் போட வேண்டியதில்ல. 2009ல போட்ட அட்டை வெச்சிருக்கற அண்ணன் ஒருத்தர மறுபடி போடச் சொல்லி ட்ராவல்ஸ்ல அனுப்பி வெச்சாங்க, தேவையே இல்ல.

3. எங்க போடறாங்க, ஸ்லாட் எப்படி

பக்கத்து கிளினிக்ல, மெடிக்கல் ஷாப்ல இந்த ஊசி கிடைக்காது. அரசு அங்கீகாரம் குடுத்த மையத்துல போட்டா தான் அட்டை செல்லும். மத்திய சுகாதார அமைச்சகத்தோட வெப்சைட்ல ஊர் வாரியா லிஸ்ட் இருக்கு. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், அப்புறம் போர்ட் ஹெல்த் ஆபீஸ். கோயம்புத்தூர், பொள்ளாச்சி பக்கம் இருக்கறவங்களுக்கு கொச்சி போர்ட் ஹெல்த் ஆபீஸும் தூரம் இல்ல, சென்னைல ஸ்லாட் கிடைக்கலன்னா அங்க பாருங்க. எந்த ஊர்க்காரங்க எந்த மையத்துல போட்டாலும் செல்லும்.

தினமும் போட மாட்டாங்க, வாரத்துல குறிப்பிட்ட நாள், அதுவும் காலைல தான். இதுக்குக் காரணம் மருந்து தான்: பொடியா வர்ற மருந்த கரைச்சதுக்கு அப்புறம் 6 மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும், ஒரு குப்பில பல பேருக்கான டோஸ் இருக்கும். ஒருத்தருக்காக குப்பிய ஒடச்சா மீதி வீணாப் போகும். அதனால ஆளுங்கள சேத்து ஒரே நாள்ல கூப்பிடறாங்க. எந்தக் கிழமைன்றது அப்பப்போ மாறும், அதனால யாராவது எப்பவோ சொன்னத நம்பி மதுரைலருந்து பஸ் ஏறாதீங்க, கிளம்பறதுக்கு முன்னாடி மையத்தோட வெப்சைட்ல பாத்துட்டு போன்லயும் உறுதி பண்ணிக்கோங்க. போன் எடுக்கலன்னா காலைல ஆபீஸ் திறந்த உடனே அடிங்க, மத்தியானத்துக்கு மேல எடுக்கறது அபூர்வம்.

செலவு: அரசு மையத்துல நாங்க போட்டப்போ தலைக்கு 300 ரூபாய். பணமா வாங்காம ஆன்லைன்ல பாரத்கோஷ்ங்கற அரசு தளம் வழியா கட்டி ரசீது பிரிண்ட் எடுத்துட்டு வரச் சொல்ற இடமும் இருக்கு, அதையும் முன்னாடியே கேட்டுக்கோங்க, ஏன்னா அங்க போய் நின்னு மொபைல்ல கட்டறேன்னு ஆரம்பிச்சா நெட் ஸ்லோ, ஓடிபி வரலன்னு வரிசை போயிடும். அனுமதி வாங்கின தனியார் ஆஸ்பத்திரிலயும் போடறாங்க, காசு பல மடங்கு ஆகும், அவசரத்துக்கு அது ஒரு வழி. ஆனா அவங்க அரசு லிஸ்ட்ல இருக்காங்களான்னு பாக்காம காச நீட்டாதீங்க.

ஊசி போடாமயே அட்டை மட்டும் வாங்கித் தர்றேன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க. போலி அட்டை குத்தம்ங்கறது ஒரு பக்கம், மருந்தே இல்லாத நோய் இருக்கற ஊருக்கு வெறும் அட்டையோட புள்ளகுட்டிங்கள கூட்டிட்டுப் போறோம்ங்கறத யோசிங்க.

4. கைல எடுத்துட்டுப் போக வேண்டியது

ஒரிஜினல் பாஸ்போர்ட் கண்டிப்பா. ஸ்கேன், ஜெராக்ஸ் மட்டும் வெச்சுப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க. விசாவுக்காக பாஸ்போர்ட் எம்பஸில இருக்கற நேரத்துல ஸ்லாட் போடாதீங்க, இந்த மோதல் நிறைய பேருக்கு வருது.

கூடவே: பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசிப் பக்கம் ஜெராக்ஸ் ரெண்டு செட், ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அப்பாயின்ட்மென்ட் பிரிண்ட், பணம் கட்டின ரசீது, ஏதாவது மருந்து சாப்பிடறவங்க டாக்டர் சீட்டு, குழந்தைங்களுக்கு தடுப்பூசி அட்டை. எல்லா மையத்துலயும் இவ்வளவும் கேக்க மாட்டாங்க, ஆனா பக்கத்துல ஜெராக்ஸ் கடை தேடி வெயில்ல நடக்கறத விட எடுத்துட்டே போயிடுங்க. நீல மை பேனா ஒண்ணு.

பாஸ்போர்ட் சீக்கிரம் முடியப் போகுதா? முதல்ல புதுப்பிச்சுட்டு அப்புறம் ஊசிக்குப் போங்க, ஏன்னா அட்டைல பாஸ்போர்ட் நம்பர் எழுதுவாங்க. ஏற்கனவே போட்டு அதுக்கப்புறம் பாஸ்போர்ட் மாறிடுச்சுன்னா பழைய பாஸ்போர்ட்டையும் சேத்து எடுத்துட்டு போங்க.

5. யாருக்கு போடக்கூடாது

இத ஒழுங்கா படிங்க, ஏன்னா இது உயிரோட இருக்கற வைரஸ பலவீனப்படுத்தி செய்யற ஊசி, எல்லாருக்கும் சும்மா போட்டுட முடியாது.

முட்டை கடுமையா ஒத்துக்காதவங்க, கேன்சர் சிகிச்சைல இருக்கறவங்க, கிட்னி மாதிரி உறுப்பு மாத்திக்கிட்டவங்க, ஸ்டீராய்ட் அதிக அளவுல சாப்பிடறவங்க, எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்க, தைமஸ் சுரப்பில பிரச்சனை இருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் போடக்கூடாது. 6 மாசத்துக்கு கீழ உள்ள குழந்தைக்கு கூடவே கூடாது, 9 மாசம் வரைக்கும் பொதுவா போட மாட்டாங்க. கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க, 60 வயசு தாண்டினவங்க இவங்க டாக்டர்கிட்ட உக்காந்து பேசி, போற ஊர்ல ஆபத்து எவ்வளவு, ஊசியால ஆபத்து எவ்வளவுன்னு பாத்து முடிவு பண்ணணும். 60க்கு மேல முதல் தடவ போடறவங்களுக்கு பெரிய பக்கவிளைவு வர்றது அபூர்வம் தான், ஆனா சின்ன வயசுக்காரங்கள விட வாய்ப்பு கூட.

எங்க அம்மாவுக்கு 60 தாண்டிருச்சு, சுகர், பிபி ரெண்டும் இருக்கு. எங்க குடும்ப டாக்டர்கிட்ட முன்னாடியே காட்டி எழுதி வாங்கிட்டுப் போனதால மையத்துல வேலை சுலபமா முடிஞ்சுது. சுகர், பிபி இருக்கறதாலயே போடக்கூடாதுன்னு இல்ல. அங்க இருந்த டாக்டர் பொறுமையா கேட்டார்.

"அம்மா, முட்டை சாப்ட்டா தடிப்பு, மூச்சுத் திணறல் ஏதாவது வருமா?"

"முட்டையே தொடறதில்லைங்க டாக்டர்."

"கேக்காவது சாப்ட்டிருக்கீங்களா?"

"பேரன் பொறந்தநாளுக்கு சாப்டுவேன், ஒண்ணும் பண்ணாது."

அதுக்கப்புறம் தான் கையெழுத்துப் போட்டார். சைவம் சாப்பிடற வீட்டுல முட்டை ஒத்துக்குமா ஒத்துக்காதான்னே தெரியாது, அதனால கேக் சாப்பிட்ட அனுபவத்த யோசிச்சு வெச்சுட்டு போங்க.

சின்னக் குழந்தை இருக்கறவங்க ஒண்ணு கவனிங்க. நம்ம ஊர் அட்டவணைல 9 மாசத்துல தட்டம்மை ரூபெல்லா ஊசி வருது. அதுவும் உயிருள்ள ஊசி. ரெண்டையும் ஒரே நாள்ல போடணும், இல்லன்னா நடுவுல 4 வாரம் இடைவெளி விடணும். சின்னம்மை ஊசிக்கும் இதே கணக்கு. குழந்தை டாக்டர்கிட்ட பயணத் தேதிய சொல்லி ரெண்டையும் சேத்து பிளான் பண்ணலன்னா 4 வாரம் அநியாயமா தள்ளிப் போகும்.

போடவே முடியாதவங்களுக்கு டாக்டர் விலக்கு கடிதம் குடுப்பாங்க. அத எல்லா நாடும் ஏத்துக்கும்னு நம்பி டிக்கெட் போடாதீங்க, போற நாட்டு தூதரகத்துல முன்னாடியே எழுத்துல கேட்டு பதில் வாங்கிக்கோங்க.

6. ஊசி போடற அன்னைக்கு

வெறும் வயித்துல போகாதீங்க, நல்லா டிபன் சாப்பிட்டு போங்க. காய்ச்சல் இருந்தா அன்னைக்கு போட மாட்டாங்க. மேல் கைல தோலுக்கு அடில ஒரே ஒரு ஊசி, அரை மில்லி, வலி பெருசா இல்ல. போட்டப்புறம் அரை மணி நேரம் அங்கயே உக்கார வெப்பாங்க, அலர்ஜி வந்தா உடனே பாக்கறதுக்காக, அந்த நேரத்துல டீ குடிக்க நழுவாதீங்க. அதுக்கப்புறம் சில நாள்ல லேசா காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி வரலாம், பாராசிட்டமால்ல அடங்கிடும். காய்ச்சல் அதிகமாகி குழப்பம், மஞ்சளாகறது, மூச்சு வாங்கறது மாதிரி ஏதாவது வந்தா ஊசி போட்ட விவரத்த சொல்லி உடனே ஆஸ்பத்திரி போங்க.

7. அட்டைய அங்கயே நின்னு படிங்க

மஞ்ச கலர்ல சின்ன புக்லெட் குடுப்பாங்க. வாங்கி பைல போட்டுட்டு ஓடாதீங்க, கவுன்டர் முன்னாடி நின்னுட்டே கீழ உள்ளதெல்லாம் பாருங்க:

பேர் பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். நம்ம ஊர் இனிஷியல் பிரச்சனை இங்க தான் வரும். பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா இருந்து அட்டைல வெறும் இனிஷியல் போட்டிருந்தா அப்பவே மாத்தச் சொல்லுங்க. பிறந்த தேதி, பாலினம், நாடு, பாஸ்போர்ட் நம்பர், ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்க. ஊசி போட்ட தேதில மாசம் எழுத்துல இருக்கணும், எண்ல இருந்தா 5/3ங்கறத அங்க மே மூணாம் தேதின்னு ஒருத்தர் படிப்பார். மருந்து கம்பெனி பேரும் பேட்ச் நம்பரும் இருக்கா, டாக்டர் கையெழுத்து, மையத்தோட முத்திரை தெளிவா விழுந்திருக்கா, செல்லுபடி ஆகற நாள் 10 நாள் தள்ளி போட்டிருக்கா. உங்க கையெழுத்து போடற இடம் காலியா விட்டுட்டீங்கன்னா அட்டை செல்லாதுன்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு, அங்கயே போடுங்க. அடிச்சுத் திருத்தினாலும் செல்லாது, தப்பு இருந்தா புது அட்டை கேளுங்க, கூச்சப்படாதீங்க.

லேமினேட் பண்ணாதீங்க, பின்னால வேற ஊசி அதே புக்லெட்ல எழுத வேண்டி வரும்.

8. மத்த ஊசிங்க

இதெல்லாம் பெரும்பாலும் ஏர்போர்ட்ல கேக்க மாட்டாங்க, அதனாலயே எல்லாரும் விட்டுடறாங்க. ஆனா அங்க போய் படுத்தா படற கஷ்டம் நம்மளோடது.

டைபாய்டு: புது வகை கான்ஜுகேட் ஊசி, ஒரு டோஸ் போதும். ஹெபடைட்டிஸ் ஏ: பொதுவா ரெண்டு டோஸ், 6 மாச இடைவெளி, போறதுக்கு முன்னாடி முதல் டோஸ் போட்டாலே நல்ல பாதுகாப்பு. ஹெபடைட்டிஸ் பி: 0, 1, 6 மாசம்னு மூணு டோஸ், சின்ன வயசுல போடாதவங்களுக்கு. டெட்டனஸ் போட்டு 10 வருஷம் ஆயிருந்தா ஒரு பூஸ்டர். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ரெண்டும் தனியார்ல ஒரு டோஸே நாலு இலக்கத்துல வரும், குடும்பத்துக்கே போட்டா பட்ஜெட்ல ஒரு பெரிய துண்டு விழும், அதனால கம்பெனி அனுப்புதுன்னா பில் குடுத்து வாங்கிக்கோங்க, பெரும்பாலும் குடுப்பாங்க, நாம கேக்கறதில்ல.

செனகல்லருந்து எத்தியோப்பியா வரைக்கும் குறுக்கால ஒரு பட்டை மாதிரி மூளைக்காய்ச்சல் வர்ற பகுதி இருக்கு, டிசம்பர்லருந்து ஜூன் வரைக்கும் வறண்ட காலத்துல அங்க போறவங்க நாலு வகை கிருமிக்கும் சேத்து ஒரே ஊசியா வர்ற மெனிஞ்சோகாக்கல் ஊசிய டாக்டர்கிட்ட கேளுங்க. ஹஜ், உம்ரா போறவங்களுக்கு அதே ஊசி கட்டாயம், அங்க போய் சேர 10 நாளுக்கு முன்னாடியே போட்டிருக்கணும்.

கிராமப்புறம், காடுன்னு வேலை பாக்கறவங்க ரேபிஸ் ஊசியையும் முன்கூட்டியே போட்டுக்கலாம். அப்படி போட்டிருந்தா நாய் கடிச்சப்புறம் இம்யூனோகுளோபுலின்ங்கற தனி மருந்து தேவைப்படாது, சின்ன ஊர்ல அது கிடைக்கறதே கஷ்டம். ஆனா கடிச்சா சோப்பு போட்டு கால் மணி நேரம் கழுவிட்டு மறுபடி ஊசி போட்டே ஆகணும், முன்னாடி போட்டுட்டேன்னு விட்டுடக் கூடாது.

9. மலேரியா: நம்ம மாதிரி பயணிகளுக்கு ஊசி இல்ல, மாத்திரை தான்

என்னக் கேட்டா மஞ்ச அட்டைய விட இதுக்கு தான் நீங்க அதிகமா பயப்படணும். அட்டை இல்லன்னா நிறுத்தி வெச்சுடுவாங்க, அதனால எல்லாரும் எடுத்துடறாங்க. மலேரியா மாத்திரைய யாரும் செக் பண்றதில்ல.

"நாங்க கொசுக்கடிலயே வளந்தவங்க, எங்களுக்கு என்ன வரப்போகுது"ங்கற பேச்ச விடுங்க. சென்னைல வர்ற மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ்ங்கற வகை. ஆப்பிரிக்கால பெரும்பாலும் இருக்கறது பால்சிபேரம்ங்கற வகை, சிகிச்சை லேட் ஆனா மூளை, கிட்னின்னு போய் சில நாள்லயே ஆள கொல்லும். நம்ம ஊர்ல வளந்ததால அதுக்கு எதிர்ப்பு சக்தி வந்துடாது. பழைய குளோரோகுயின் மாத்திரை அங்க வேலை செய்யாது.

உகாண்டா பூராவும் மலேரியா இருக்கு, கம்பாலாவும் சேத்து. நைரோபி உயரத்துல இருக்கறதால குறைவு, ஆனா மொம்பாசா கடற்கரைப் பக்கம் போனா அதிகம். அடிஸ் அபாபா நகரத்துல இல்ல. தென்னாப்பிரிக்கால ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன்ல இல்ல, க்ருகர் பார்க் பக்கம் இருக்கு.

பொதுவா குடுக்கற மாத்திரை மூணு வகை. அடோவாகுவோன் ப்ரோகுவானில்: போறதுக்கு 1, 2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு தினமும், திரும்பி வந்து 7 நாள் வரைக்கும். பக்கவிளைவு குறைவு, ஆனா காசு அதிகம், நம்ம மெடிக்கல் ஷாப்ல கேட்டதும் எடுத்துத் தர மாட்டாங்க, ரெண்டு வாரம் முன்னாடியே ஆர்டர் குடுங்க. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம்: இதுவும் 1, 2 நாள் முன்னாடிலருந்து தினமும், ஆனா வந்தப்புறம் 4 வாரம் சாப்பிடணும். விலை கம்மி, எங்கயும் கிடைக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு டம்ளர் நிறைய தண்ணியோட போட்டுட்டு அரை மணி நேரம் படுக்காம இருங்க, இல்லன்னா உணவுக்குழாய் புண்ணாகும். வெயில்ல தோல் சீக்கிரம் கருகும். கர்ப்பிணிக்கும் 8 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கும் ஆகாது. மூணாவது மெஃப்ளோகுயின், வாரம் ஒண்ணு, 2, 3 வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும், மனநிலைப் பிரச்சனை, வலிப்பு இருந்தவங்களுக்கு கூடாது. எதுன்னு டாக்டர் தான் சொல்லணும், நண்பர் சாப்பிட்டாருன்னு அதையே வாங்கிடாதீங்க.

வேலைக்குப் போய் வருஷக்கணக்கா இருக்கப் போறவங்க அவ்வளவு காலம் மாத்திரை சாப்பிடறதப் பத்தி டாக்டர்கிட்ட தனியா பேசுங்க. கொசு வலைய மட்டும் ஒருநாளும் விடாதீங்க, மருந்து ஏத்தின வலை அங்கயே கிடைக்கும். மலேரியா கொசு பொழுது சாஞ்சதுலருந்து விடியற வரைக்கும் கடிக்கும், மஞ்சள் காய்ச்சல், டெங்கு பரப்பற ஏடிஸ் பகல்ல கடிக்கும், அதனால கொசு விரட்டற க்ரீம் ரெண்டு நேரமும். வாங்கும்போது டீட் அல்லது பிகாரிடின்னு லேபிள்ல இருக்கான்னு பாருங்க.

உகாண்டாவுல விக்டோரியா ஏரி பாக்க அழகா இருக்கும், ஏர்போர்ட் இருக்கற என்டெபேல கரையிலயே ஹோட்டல்ங்க. கால நனைக்கவோ குளிக்கவோ இறங்காதீங்க. தண்ணிலருந்து தோல் வழியா உள்ள போற பில்ஹார்சியா புழு இருக்கு, அதுக்கு ஊசியும் கிடையாது. குழந்தைங்கள கண் பாத்துக்கோங்க.

10. கிளம்பும்போதும் திரும்பும்போதும்

அட்டைய பாஸ்போர்ட் கூட ஹேண்ட் பேக்ல வெச்சுக்கோங்க, செக்-இன் லக்கேஜ்ல போடாதீங்க. சென்னை செக்-இன் கவுன்டர்லயே கேப்பாங்க, என்டெபேல இறங்கினதும் இமிக்ரேஷனுக்கு முன்னாடி கேப்பாங்க, திரும்பி சென்னைல இறங்கினதும் ஹெல்த் கவுன்டர்ல கேப்பாங்க. மொபைல்ல இருக்கற போட்டோவ ஏத்துக்க மாட்டாங்க. குடும்பமா வந்தா ஒவ்வொருத்தருக்கும் தனி அட்டை.

வந்த 6 நாளுக்குள்ள காய்ச்சல் வந்தா மறைக்காதீங்க. அதுக்கப்புறமும் மூணு மாசம் வரைக்கும், ஏன் அதுக்கு மேலயும், எந்தக் காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்ட போய் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை "ஆப்பிரிக்கா போய்ட்டு வந்தேன், மலேரியா டெஸ்ட் எடுங்க". நீங்க சொல்லலன்னா வைரல், டெங்குன்னு நெனச்சு ரெண்டு நாள் போயிடும், பால்சிபேரத்துல அந்த ரெண்டு நாள் ரொம்ப பெருசு. முதல் டெஸ்ட் நெகட்டிவ் வந்து காய்ச்சல் விடலன்னா மறுநாள் மறுபடி எடுக்கச் சொல்லுங்க. உடம்பு நல்லா இருக்குன்னு டாக்ஸிசைக்ளின 4 வாரம் முடியறதுக்குள்ள நிறுத்தாதீங்க.

அட்டையோட எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வெச்சுக்கோங்க. தொலைஞ்சு போச்சுன்னா போட்ட அதே மையத்துல தான் டூப்ளிகேட் கேக்கணும், அவங்க ரெஜிஸ்டர்ல தேட தேதியும் பேட்ச் நம்பரும் வேணும், அந்த போட்டோ இருந்தா வேலை சீக்கிரம் முடியும்.